வள்ள வைத்தியம்

ஏ.வி.எம். என்ற மூன்றெழுத்தைக் கேட்டால் தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பேருக்குச் சினிமாதான் ஞாபகத்துக்கு வரும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் பிறந்தவனுக்கு மட்டும் அது ஒரு கால்வாயின் பெயர். கால்வாய் என்றாலோ, நாஞ்சில் நாட்டுக்காரர்கள், அதாவது தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்காரர்கள், உடனே பேச்சிப்பாறைத் தண்ணீரைத்தான் நினைப்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகத்தை எண்ணி வாழ்கிறவர்கள் அவர்கள். வயலுக்குப் பாயாத தண்ணீரை ஓர் உபயோகமான வஸ்துவாக அவர்கள் மதிப்பதில்லை. நான் சொல்லப்போகும் கால்வாயோ, வள்ளம் போவதற்கென்று வெட்டப்பட்டது. கடலை ஒட்டி ஓடுகிற உப்புக் கரித்த தண்ணீர். அதில் நெல் விளையாது.

இந்தக் கால்வாயைப் பற்றி எழுதுகிறவர்கள் மகாராஜாவையும் மண்வெட்டியையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது வழக்கம். அதையும் சொல்லத்தான் வேண்டும், சொல்கிறேன். ஆனால் எனக்கு வேறொன்றைத் தெரிந்துகொள்வதில் ஆசை. அந்தக் கால்வாயில் ஓடிய வள்ளங்களை வைத்திருந்தவர்கள் அவற்றை எப்படிக் காப்பாற்றினார்கள்? எங்கே ஒழுகும், எதைக் கொண்டு அடைப்பார்கள், எத்தனை நாள் கரையேற்றிப் போடுவார்கள், எப்போது கயிறு மாற்றுவார்கள்? கால்வாயை வெட்டியது ஒரு தடவை. வள்ளத்துக்கு வைத்தியம் பார்த்தது வருஷம் தவறாமல். சரித்திரப் புஸ்தகங்களில் இந்த இரண்டாவது காரியத்துக்கு இடம் கிடைப்பதில்லை.

முதலில் கால்வாயின் ஜாதகம். 1860-ல் திருவிதாங்கூரை ஆண்டவர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா. சங்கீதத்துக்குப் பேர்போன சுவாதித் திருநாளின் தம்பி. திவானாக இருந்தவர் மாதவ ராவ். அந்த வருஷம் வேலை தொடங்கிற்று. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்று பெயரிட்டார்கள். பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அனந்தன் என்பது அனந்தசயனமாகப் பள்ளிகொண்ட பத்மநாப சுவாமிக்காக. 1750-ல் பழைய மார்த்தாண்ட வர்மா ராஜ்யத்தையே அந்தச் சுவாமியின் காலடியில் வைத்துவிட்டு, பத்மநாபதாசன் என்ற பட்டத்தோடு ஆண்டவர். ஆகவே சுவாமிக்கு முதலிடம். அடுத்தது விக்டோரியா. 1858-ல்தான் இந்தியா கம்பெனியின் கையிலிருந்து மகாராணியின் நேர் ஆட்சிக்கு மாறியிருந்தது; புது எஜமானியை மறந்துவிட முடியாது. மூன்றாவதாக மகாராஜா தம் பெயரை வைத்துக்கொண்டார். சமஸ்தானத்தில் யாருக்கு யார் மேலே என்பதை இவ்வளவு ஒழுங்காகச் சொன்ன கால்வாய் வேறு இருக்குமா என்பது சந்தேகம். அதே 1860-ல் மகாராஜா காலமாகிவிட்டார்.

திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் தண்ணீரால் இணைப்பது யோசனை. வடக்கே இதற்கு முன்னோடி உண்டு. ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில், 1820-களில், திருவனந்தபுரத்திலிருந்து கடினங்குளம் காயலுக்குப் பார்வதி புத்தனாறு வெட்டப்பட்டது. குறுக்கே நின்ற வர்க்கலைக் குன்றையும் பிற்பாடு குடைந்து, 1880-ஐ ஒட்டி வள்ளம் போகும் சுரங்கவழி கண்டார்கள். தெற்கிலும் கால்வாய் முடிந்திருந்தால் நாஞ்சில் நாட்டு நெல் வள்ளமேறித் தலைநகருக்குப் போயிருக்கும். போகவில்லை. நெய்யாறு கடலில் விழும் பூவாற்றில் தொடங்கிய கால்வாய், நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், இரையுமன்துறை என்று கடலோரமாகவே வந்து, தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணியைக் கடந்து, குளச்சலைத் தொட்டு, மண்டைக்காட்டோடு நின்றுவிட்டது. அதற்குக் கிழக்கே முட்டத்தில் பாறை கடலுக்குள்ளேயே நீண்டு கிடக்கிறது. அங்கே போய் நின்று பார்க்கிற எவருக்கும், மண்வெட்டி ஏன் சோர்ந்துபோயிருக்கும் என்று ஊகிப்பது சிரமமல்ல.

அரைகுறையாக நின்றாலும் கால்வாய் உபயோகப்பட்டது. தண்ணீரில் பாரம் இழுப்பது எவ்வளவு சுலபம் என்று நிலத்தில் நடக்கிறவர்களுக்குத் தெரியாது. சாலையில் இரண்டு டன்னுக்குத் திணறுகிற குதிரை, கால்வாய்க் கரையில் நடந்தபடி ஐம்பது டன் படகை இழுத்துவிடும் என்பது இங்கிலாந்துக்காரர்கள் கண்ட கணக்கு. எங்கள் பக்கத்தில் குதிரை ஏது? இரண்டு ஆட்கள், இரண்டு மூங்கில் கழைகள். ஒருவன் முன்னால் ஊன்றி, வள்ளத்தின் ஓரமாகவே பின்னால் நடந்து வருவான். அவன் வந்து சேரும்போது மற்றவன் முன்னால் போவான். தேங்காய், கதம்பை, கயிறு, உப்பு, கருவாடு, ஓடு எல்லாம் இப்படித்தான் போயின. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-ல் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால், இந்தக் கழை ஊன்றிய பிரயாணத்தின் அருமை புரியும்.

வள்ளம் என்றதும் ஆணி அடித்த படகை மனத்தில் வரைந்துகொள்ளக் கூடாது. பெரிய பார வள்ளங்கள் கெட்டுவள்ளங்கள். அதாவது கட்டிய வள்ளங்கள். எங்கள் ஊரில் அயனி என்றும் மலையாளத்தில் ஆஞ்ஞிலி என்றும் சொல்கிற மரத்தைப் பலகையாக அறுத்து, ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு, பலகையோடு பலகை சேருமிடத்தில் தென்னந்தும்பை மெத்தைபோல வைத்து, கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துவிடுவார்கள். ஓர் ஆள் உள்ளே, ஓர் ஆள் வெளியே. உள்ளேயிருந்து கயிற்றை நீட்ட, வெளியே இருப்பவன் ஒரு கம்பில் சுற்றி நெம்பி இறுக்குவான். இறுக்கியது நழுவாமல் துளையில் ஆப்பு வைப்பார்கள். இரும்புக்கு அங்கே வேலையே இல்லை. உப்புத் தண்ணீரில் ஆணி துருப்பிடிக்கும். துரு மரத்தையும் தின்னும். கயிறோ உப்புத் தண்ணீருக்கு அஞ்சாது. மணல்திட்டில் மோதினால் ஆணி அடித்த படகு விரிசல் காணும். தைத்த வள்ளம் சற்று நெளிந்துகொடுத்துத் தப்பிக்கும். சென்னைக் கடற்கரையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் துரைமார்களை அலை தாண்டிக் கரை சேர்த்த மசூலாப் படகுகளும் இப்படித் தைத்தவைதான்.

இந்த வித்தையைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் உண்டு. 13-ம் நூற்றாண்டில் பாரசீகக் கரையில் ஹோர்முஸ் துறைமுகத்துக்கு வந்த மார்க்கோ போலோ, தேங்காய் நாரால் தைத்த கப்பல்களைக் கண்டு, ஆணியில்லை, கீலில்லை, மீன் எண்ணெயைத் தடவிவிடுகிறார்கள், இதை நம்பிக் கடலில் இறங்குவதா என்று எழுதிவைத்தான். வெனிஸ் நகரத்து வியாபாரிக்கு ஆணிதான் நம்பிக்கை! ஆனால் 1980-ல் டிம் செவரின் என்கிற பிரிட்டிஷ் யாத்திரிகர் ஓமானில் அதே பாணியில் ஒரு கப்பலைக் கட்டினார். அதற்கு வேண்டிய மரம் நம் மேற்குக் கரையிலிருந்து போயிற்று. தைத்த அந்தக் கப்பல் மஸ்கத்திலிருந்து சீனா வரை பத்திரமாகச் சென்று சேர்ந்தது. அதன்பின் நம் கடற்படையே அஜந்தா ஓவியத்துக் கப்பலைப் பார்த்து ஒன்றைத் தைக்கச் செய்து, ‘கௌண்டின்யா’ என்று பெயரிட்டு, 2025 மே மாதம் கார்வாரில் சேர்த்துக்கொண்டது. கயிற்றைப் பிடித்துத் தைத்தவர்கள் கேரளத்துக் கைவினைஞர்கள். மார்க்கோ போலோவுக்குப் பதில் சொல்ல எழுநூறு வருஷம் ஆயிற்று, பரவாயில்லை.

நிற்க. வைத்தியத்துக்கு வருவோம். தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பத்தைந்து தாண்டிவிட்டது. அவருடைய தகப்பனாருக்கு இரண்டு வள்ளங்கள் இருந்தன. நாலைந்து தடவை போய் அவரிடம் பாடம் கேட்டேன். நான் கேட்ட முதல் கேள்வி, வள்ளத்துக்கு எதனால் ஆயுசு குறையும் என்பது. தண்ணீரில் ஊறி ஊறித்தானே மரம் இற்றுப்போகும் என்று நானே பதிலையும் சேர்த்துக் கேட்டேன்.

பாட்டா சிரித்தார். “மக்கா, வள்ளம் வெள்ளத்திலெ கெடந்தா சாவாது. கரையிலெ கெடந்தாக்கும் சாவுகது.”

வெள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் பிரளயம் அல்ல, வெறும் தண்ணீர்தான். அவர் சொன்னதில் உள்ள நியாயம் இது. மரம் தண்ணீரில் ஊறினால் உப்பும். பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும். இடையிலுள்ள தும்பும் ஊறிப் பருத்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். வெயிலில் கிடந்தால் பலகை சுருங்கும், தையல் தளரும், இடுக்கு வாய் திறக்கும். கரையில் அநாதையாகக் கிடந்த வள்ளத்தைத் திடீரென்று இறக்கினால் சல்லடை மாதிரி ஒழுகும். அனுபவமில்லாதவன் பதறிப்போய் எல்லா இடுக்கிலும் எதையாவது திணித்து அடைப்பான். பிறகு பலகை ஊறி உப்பும்போது இடமில்லாமல் தையலையே அறுத்துவிடும். தெரிந்தவன் என்ன செய்வான்? ஆழமில்லாத இடத்தில் வள்ளத்தை வேண்டுமென்றே முக்கி, இரண்டு மூன்று நாள் தண்ணீருக்குள் கிடக்கவிட்டு, அப்புறம் இறைத்துப் பார்ப்பான். முக்கால்வாசி ஒழுக்கு தானே நின்றிருக்கும். மிச்சத்துக்குத்தான் மருந்து.

அப்படியானால் எப்போதும் தண்ணீரிலேயே போட்டுவைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சங்கடம். உப்புத் தண்ணீரில் மரத்தைத் துளைக்கும் ஒரு புழு உண்டு. உண்மையில் அது சிப்பி இனம். ஆனால் உருவத்தில் புழு. வெளியே ஊசிக்கண் அளவு துளைதான் தெரியும். உள்ளே பலகை முழுவதும் குடைந்திருக்கும். 1730-களில் ஹாலந்து தேசத்துக் கடலணைகளின் மரக்காப்பையே இது தின்று தீர்த்து, அந்தத் தேசம் நடுங்கிப்போய், மரத்தை விட்டுக் கல்லுக்கு மாறிற்று. இதற்கு இரண்டு வைத்தியம். ஒன்று, வள்ளத்தை ஆற்றின் மேல்பக்கம் நல்ல தண்ணீருக்குக் கொண்டுபோய்ச் சில நாள் கட்டிப்போடுவது. உப்பில்லாமல் புழு மடியும். மற்றொன்று, கரையேற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டி, ஓலைத் தீயால் மேலாக வாட்டி, காயவிடுவது. அதற்கும் அளவு உண்டு. நிழலில்தான் காய வேண்டும். வெயில் பட்டால் முதலில் சொன்ன வியாதி வந்துவிடும். ஆகவே தென்னந்தோப்பு நிழலில் ஏற்றி, மேலே ஓலை போட்டு மூடி, புழு சாகவும் வேண்டும் பலகை சுருங்கவும் கூடாது என்று நாளை எண்ணிக்கொண்டு இருப்பார்கள். குழந்தைக்கு விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற பாட்டியின் கவலைக்கு இது குறைந்ததல்ல.

கரையேற்றியதும் பரிசோதனை. பலகையைச் சிறு சுத்தியால் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல பலகை கணீரென்று பேசும். புழு குடைந்த இடம் பொத்தென்று சொல்லும். பிறகு கயிறு. நகத்தால் கீறினால் நார் நாராக வந்தால் உயிர் இருக்கிறது; தூளாக உதிர்ந்தால் போயிற்று. கயிறு முதலில் சாவது வெளியே அல்ல, வள்ளத்துக்குள்ளே. அடியில் மழைத் தண்ணீர் தேங்குமிடத்தில். உப்புத் தண்ணீருக்கு அஞ்சாத தும்பு, தேங்கிய மழைத் தண்ணீரில் அழுகிவிடும். அதனால் மழைக்காலத்தில் வள்ளம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் விடியற்காலையில் பனையோலைப் பட்டையால் தண்ணீர் இறைப்பது பையன்களின் கடமை. பாட்டா பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனதற்கெல்லாம் இதைத்தான் காரணமாகச் சொன்னார். வாத்தியார் ஒப்புக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை.

ஒழுக்கு இருக்கிறது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை. இது வள்ளக்காரனின் நித்தியத் தலைவலி. தண்ணீர் உள்ளே வருகிற இடம் ஒன்று, அது தேங்குகிற இடம் வேறு. பாட்டா சொன்ன உபாயம் கரையேற்றிய வள்ளத்துக்குள் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே போய்ப் பார்ப்பது. எங்கே முத்துமுத்தாக வியர்க்கிறதோ அங்கே கரியால் கோடு போட வேண்டும். நடுவழியில் ஒழுகினால் வேறு உபாயம். மரத்தூளையோ தும்புத்தூளையோ கை நிறைய எடுத்து, வள்ளத்துக்கு வெளியே அடிப்பக்கத்தில் தண்ணீருக்குள் விட்டால், உள்ளே இழுக்கப்படுகிற தண்ணீரே அந்தத் தூளைக் கொண்டுபோய் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். ஊர் போய்ச் சேரும் வரை தாங்கும். ஓட்டையைத் தேடி அலைய வேண்டாம். ஓட்டையே மருந்தைத் தேடி இழுத்துக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு சிலை வைத்தால் தப்பில்லை.

கடைசியில் எண்ணெய். உள்ளே மீன் எண்ணெய். சாளை மலிந்த காலத்தில் காய்ச்சி வைத்தது. வெளியே கொல்லாங்கொட்டைத் தோட்டிலிருந்து வடிக்கும் கறுத்த எண்ணெய். அது பட்டால் கை வெந்துபோகும். கொட்டை உடைக்கிற எங்கள் ஊர்ப் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கையை வேகவைக்கிற அந்த விஷமே புழுவையும் அண்டவிடாது. கொல்லாமரம் பிரேசில் தேசத்திலிருந்து 16-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. மலையாளத்தில் பறங்கிமாவு என்றே பெயர். ஆகவே மார்க்கோ போலோ பார்த்த கப்பல்களுக்கு இந்தக் கறுப்பு மருந்து கிடைத்திருக்க வழியில்லை. இடுக்கில் நார் திணித்துக் குங்கிலியம் பூசுவதற்குத் தமிழில் கலப்பற்று என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லும் போர்த்துக்கீசியச் சாயலோடுதான் இருக்கிறது. சண்டைக்கு வந்தவன் விட்டுப்போன மருந்தையும் சொல்லையும் வள்ளக்காரன் தயங்காமல் எடுத்துக்கொண்டான்.

கயிற்றைப் பற்றி ஒரு கிளைக்கதை. இந்தக் கரையிலிருந்து ஜெர்மனிக்குக் கயிறு ஏற்றுமதியாயிற்று. கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் சோதித்துப் பார்த்தபோது, அதில் மோனசைட் இருக்கக் கண்டார். காஸ் விளக்கின் வலைக்கு வேண்டிய தோரியம் அதிலிருந்துதான் கிடைத்தது. உடனே புறப்பட்டு வந்து, மண்டைக்காட்டுக்குப் பக்கத்திலிருக்கும் மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டுவிட்டார். மணல் ஆலை இன்னும் நடக்கிறது, மத்திய சர்க்கார் கையில். வள்ளம் தைக்கிறவன் கயிற்றிலிருந்து உதறித் தள்ளிய மணல் அது.

வள்ளத்துக்கு வரும் கேடுகளில் மரத்தாலும் கயிற்றாலும் வருவதைவிட மனிதனால் வருவது கொடியது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவதைத்தான் சொல்கிறேன். 1924 ஜனவரியில் கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்கு ஜனங்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு போன ‘ரிடீமர்’ படகு பல்லனையில் கவிழ்ந்து, மலையாளத்தின் மகாகவி குமாரன் ஆசான் மாண்டார். பாட்டாவின் தகப்பனார் வள்ளத்தின் வெளிப்புறத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருப்பாராம். தண்ணீர் அதைத் தொட்டுவிட்டால் வியாபாரி எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு கதம்பைகூட ஏறாது. “கோடு நனஞ்சா கூலி வேண்டாம்” என்பாராம்.

இனி வள்ளத்தை விட்டுக் கால்வாய்க்கு வருகிறேன். அதற்குமுன் இங்கிலாந்துக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது.

அங்கே 1761-ல் பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் நிலக்கரிக் கால்வாய் திறந்ததிலிருந்து தேசமெங்கும் கால்வாய்கள் வெட்டினார்கள். ரயில் வந்ததும் அவை நொடித்துப்போயின. அந்தப் படகுக்காரர்களின் வைத்தியமும் சுவாரசியமானது. கீல், மாட்டு ரோமம், குதிரைச் சாணம் மூன்றையும் காய்ச்சிக் குழைத்துப் பலகை இடுக்குகளில் பூசுவார்கள். மதகுக் கதவு ஒழுகினால் சாம்பலைத் தண்ணீரில் கொட்டுவார்கள். ஒழுகுகிற தண்ணீரே சாம்பலை இழுத்து அடைத்துக்கொள்ளும். நம் பாட்டாவின் மரத்தூள் உபாயமும் இதுவும் அண்ணன் தம்பிதான். ஒருவரையொருவர் பார்த்ததில்லை, அவ்வளவே. எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளர் ‘கிரெஸ்ஸி’ என்ற மரப்படகில் மனைவியோடு குடியிருந்து, அந்த வாழ்க்கையை 1944-ல் ஒரு புஸ்தகமாக எழுதினார். அதைப் படித்த ராபர்ட் ஐக்மன் அவரைத் தேடிப் போக, 1946-ல் கால்வாய்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் பிறந்தது. விடுமுறை நாட்களில் குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் சேற்றில் இறங்கித் தூர் வாரினார்கள். ரோல்ட்டின் சொந்தப் படகு பலகை இற்றுப்போய் 1951-ல் முடிந்துவிட்டது, கால்வாய்கள் பிழைத்தன. இன்று அங்கே 30,000-க்கும் மேற்பட்ட படகுகள். இரும்பு உடம்பு, இரண்டு மூன்று வருஷத்துக்கொரு தடவை கரையேற்றிச் சுரண்டிக் கறுப்புப் பூச்சு. மருந்து மாறியிருக்கிறது, பத்தியம் அப்படியே இருக்கிறது.

எங்கள் கரையில் நடந்தது இதற்குத் தலைகீழ். வள்ளத்தைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கால்வாயைக் காப்பாற்ற ஆளில்லை. வள்ளம் ஒருவனுடைய சொத்து. ஒழுகினால் அன்றைக்கே அவன் வீட்டில் உலை ஏறாது. கால்வாய் சர்க்காருடையது. கடலோரக் கால்வாய்க்கு வருகிற வியாதியும் வருஷாந்திர வியாதிதான். ஆற்றின் பொழிமுகத்தைக் கோடையில் மணல் மூடும், மழையில் உடையும். மணல் உள்ளே வரும். கரை சரியும். குளவாழை படரும். கதம்பை அழுகப்போடுகிறவர்கள் பாதி அகலத்தை வேலி கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வருஷமும் வாரினால் இதெல்லாம் சின்ன வேலை. பத்து வருஷம் விட்டால் புதிதாக வெட்டுவதற்குச் சமானம்.

1938-ல் திருவிதாங்கூர் சர்க்கார் பஸ் விட்டது. லாரிகள் பெருகின. 1956 நவம்பர் 1-ம் தேதி நாலு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எத்தனையோ பேர் சிறை சென்று, உயிரும் கொடுத்துக் கண்ட சேர்க்கை. அதில் எனக்குச் சந்தோஷம் தவிர வேறில்லை. ஆனால் கால்வாயின் தலை பூவாற்றில், கேரளத்தில் நின்றுவிட்டது. உடம்பு இந்தப் பக்கம் வந்தது. தலைநகரத்துக்குப் போகவென்று வெட்டிய வழிக்கு, தலைநகரமே வேறு திசையில் நானூறு மைலுக்கு அப்பால் மாறிவிட்டது. வள்ளம் குறைந்ததால் வாரவில்லை. வாராததால் வள்ளம் குறைந்தது. எது முதல் என்று நான் தேடிப் பார்த்துவிட்டேன், கோழியும் முட்டையும்தான். பிறகு கால்வாய்க்குக் குறுக்கே தாழ்வான பாலங்கள் வந்தன. வள்ளத்துக்குத் தலை நிமிர்த்த இடமில்லாத பாலம் கட்டுகிறவனுக்கு, வள்ளம் இனி வராது என்பதில் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

சென்னைக்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். அவர்களுடைய பக்கிங்காம் கால்வாய்க்கும் இதே கதிதான். 1806-ல் தொடங்கி, 1877-ன் தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி ஜனங்களுக்குக் கூலி கொடுத்து நகரத்துக்குள் வெட்டி இணைத்த கால்வாய்; 400 கிலோமீட்டருக்கு மேல் நீளம். இப்போது நகரத்துக்குள் அதன் நடுவே தூண் நட்டு மேலே ரயில் ஓடுகிறது.

தூர்ந்த கால்வாய் சும்மா கிடக்கிறதென்று நினைப்பதும் சரியல்ல. 2004 டிசம்பர் 26-ம் தேதி கடல் எழுந்து வந்தபோது, குளச்சலை அடுத்த கொட்டில்பாட்டில் ஜனங்கள் கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டார்கள். ஓடித் தப்பிக்க முயன்றவர்களில் பலர் இந்தக் கால்வாயில் விழுந்து மாண்டார்கள். வள்ளம் ஓடிய நாளில் அதைத் தாண்டப் பாலமும் தோணியும் எங்கே என்று குழந்தைக்கும் தெரியும். சேறும் குப்பையும் நிரம்பியபின், அது வழியும் இல்லை, தரையும் இல்லை. அன்று போனவர்களைப் பற்றி அந்த ஊரில் நான் யாரிடமும் கேள்வி கேட்டதில்லை. அவர்களாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்.

2016-ல் பார்லிமெண்ட் 106 புதிய தேசிய நீர்வழிகளை அறிவித்தது. முன்பே இருந்த ஐந்தோடு சேர்த்து எண் கொடுத்தார்கள். அதில் 13-ம் எண் நம்முடைய ஏ.வி.எம். கால்வாய், பூவாறு முதல் இரையுமன்துறை வரை, 11 கிலோமீட்டர். மகாராஜாவின் கால்வாயில் ஒரு துண்டு என்றாலும், சட்டப் புஸ்தகத்தில் ஏறிவிட்டது. தூர் வாரி மீண்டும் படகு விட வேண்டும் என்று அவ்வப்போது கோரிக்கை எழுகிறது. நல்ல கோரிக்கைதான். ஆனால் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை வாருவதற்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போடுகிறார்களே தவிர, அடுத்த வருஷம் யார் வாருவது என்று கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பாட்டாவிடம் இந்தச் சங்கதியைச் சொன்னேன். “ஓடினாத்தான் மணல் நிக்காது. ஓடாத கால்வாயை வாரி என்னத்துக்கு?” என்றார்.

இரையுமன்துறைப் பக்கம் இப்போது கரையேற்றி வைத்திருப்பவை எல்லாம் பைபர் வள்ளங்கள். வெயிலில் கிடந்தாலும் சுருங்காது, தண்ணீரில் கிடந்தாலும் உப்பாது, புழுவும் தொடாது. உடைந்தால் கண்ணாடி நார்த் துணியை வெட்டிவைத்துப் பசை தடவி ஒட்டிவிடுகிறார்கள். மறுநாள் கடலுக்குத் தயார். வைத்தியம் முழுவதும் எஞ்சினுக்குத்தான். ஒரு பையன் எஞ்சினைக் கழற்றி நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். தினமும் கழுவ வேண்டுமா என்று கேட்டேன். “ஒரு நாள் விட்டாலும் அடுத்த நாள் தெரியும் அண்ணாச்சி” என்றான்.

பாட்டாவின் தகப்பனார் வைத்திருந்த இரண்டு வள்ளங்களில் ஒன்று விற்றுப்போயிற்று. மற்றொன்றைப் பிரித்துப் பலகைகளை மாட்டுத் தொழுவத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு பலகை வீட்டின் பின்புறம் திண்ணைபோலக் கிடக்கிறது. ஓரத்தில் கயிறு ஓடிய துளைகள் வரிசையாக இருக்கின்றன. நான் கடைசியாகப் போயிருந்தபோது அவருடைய மருமகள் அதன்மேல் சாளை உலர்த்திக்கொண்டிருந்தாள். அந்தப் பலகைக்கு இப்போதும் வருஷத்துக்கொரு தடவை எண்ணெய் போடுகிறார்களாம். எந்த எண்ணெய் என்று விசாரித்தேன். மீன் எண்ணெய் கிடைப்பதில்லை. கடையில் வாங்கின தேங்காயெண்ணெய்தான் என்றாள்.